முப்பத்தோராம் கல்

அன்றைக்கு வெள்ளிக்கிழமைதானா என்று கேட்டால் அருணகிரி இப்போதும் கொஞ்சம் தயங்குவார். வேப்பமரத்தின் நிழல் ஜாக்குலின் வீட்டு வாசலைத் தாண்டி விழுந்ததா, வாசலோடு நின்றதா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. பதினெட்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமையைத் தான் எவ்வளவு தப்பாக நினைவு வைத்திருந்தோம் என்று தெரிந்த பிறகு, தன் ஞாபகத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை போய்விட்டது. ஆகவே நாளோ நேரமோ ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம். மனிதர்கள் பேசியது மட்டும் பிசகவில்லை. அதை மறக்க அவர் முயன்று பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணி.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு பஸ் நிறுத்தம். கண்டக்டர்கள் இன்றும் அங்கே, "வளைவு எறங்கு, வளைவெல்லாம் எறங்கு" என்று கூவுவார்கள். இறங்குகிறவருக்கு வளைவு எதுவும் கண்ணில் படாது. சாலை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் திருப்போரூர்ப் பக்கம் ஓடும். வளைவு இருந்தது உண்மைதான். சாலையை அகலப்படுத்தியபோது அதை நேராக்கிவிட்டார்கள். பழைய வளைவு தார் பெயர்ந்த சந்தாகக் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறது. அந்தச் சந்தின் ஓரத்தில் எட்டு வீடுகள். பண்ணையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த எட்டுக் குடும்பங்களுக்கு, ஜாக்குலினின் அப்பா காலத்தில் அரசு கொடுத்த மனைகள்.

அந்த எட்டு வீடுகளையும் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

காரணம் ஒரு கல். பட்டாவில், 'முப்பத்தோராம் கிலோமீட்டர் கல்லிலிருந்து தெற்கே நூற்று நாற்பது மீட்டரில் தொடங்கி, சாலையின் கிழக்கு ஓரம், எட்டு மனை' என்று எழுதியிருந்தது. சாலை அகலமான வருடம் போட்ட அளவை வரைபடத்திலோ முப்பத்தோராம் கல் இந்த வீடுகளின் வாசலிலேயே, வேப்பமரத்தடியில் இருந்தது. அங்கிருந்து தெற்கே நூற்று நாற்பது மீட்டர் போனால் உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் கால்வாய். காகிதத்தின்படி அந்த மக்களுடைய மனைகள் தண்ணீருக்குள் இருந்தன. தரையில் இருந்தவை ஆக்கிரமிப்பு.

யாரோ கல்லை நகர்த்தியிருக்கிறார்கள் என்று ஜாக்குலின் சொன்னாள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கேன்டீனில் சூப்பர்வைசர் அவள். கேளம்பாக்கத்தில் செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த அருணகிரியைத் தேடி அவள் வந்தது செவ்வாய்க்கிழமை. இளம் வயதில் சில மாதங்கள் நில அளவை வேலையில் இருந்தவர் என்பதால், நிலத் தகராறு என்றால் வக்கீல்கள் அவரிடம்தான் அனுப்பிவைப்பார்கள்.

முதல் இரண்டு நாளும் சந்தேகம் முழுக்க ரவிச்சந்திரன் மேல் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த பதினான்கு மாடிக் குடியிருப்பின் மேனேஜர் அவர். அந்தக் குடியிருப்பிலிருந்து பெரிய சாலைக்கு வர நேரான வழி வேண்டுமென்றால் இந்த எட்டு வீடுகளும் போக வேண்டும். அருணகிரியின் உதவியாளர் ஜெனிட்டா வியாழக்கிழமை அவருடைய அலுவலகத்துக்கே போய் மடக்கினாள். ரவிச்சந்திரன் சிரித்துவிட்டார்.

"மேப்போட வருஷத்தப் பாருங்க மேடம். அப்ப எங்க கம்பெனியே பொறக்கல. நான் பிளஸ் டூல ஃபெயிலாயிட்டு வூட்ல ஒதை வாங்கினு இருந்தேன்."

வரைபடத்தின் மூலையில் தேதி இருந்தது. அக்டோபர் இருபத்திரண்டு. பதினெட்டு வருடங்களுக்கு முந்தையது. ஜெனிட்டா அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். அருணகிரி கவனித்திருந்தார். ஆனால் சொல்லவில்லை.

*

"சார், நீங்க பின்னாடி உக்காந்தா வண்டி இழுக்க மாட்டேங்குது. ஒடம்பு வெயிட்டா, யோசனை வெயிட்டா?"

"மீட்டரப் பாத்து ஓட்டு."

முப்பதாம் கல் புதிதென்றாலும் பழைய கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி மீட்டரைச் சுழியாக்கிவிட்டு, புதுச் சாலையை விட்டு விலகிப் பழைய வளைவு வழியாகவே வேப்பமரம் வரை ஓட்டச் சொன்னார் அருணகிரி. ஜெனிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. சிறுசேரி கம்பெனிகளுக்கு கேப் அனுப்பும் வேலையில் ஆறு வருடம் இருந்தவள். நாவலூர் முதல் மாமல்லபுரம் வரை எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தச் சுவரில் முட்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு. கடைசி நம்பரு பாதி சுத்தி, ரெண்டுக்குத் தாவலாமான்னு பாத்துகினு கீது," என்றாள் ஜெனிட்டா. "ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரு கிலோமீட்டர்தானே? அப்ப கல்லு இருந்த எடம் இங்க இல்ல. நூத்தம்பது மீட்டர் பின்னாடி."

"ஆமா."

"அங்கேருந்து நூத்தி நாப்பது தெக்க வந்தா..." அவள் திரும்பி எட்டு வீடுகளையும் பார்த்தாள். "தோ, கரீக்டா வாசல்ல வந்து நிக்குது பட்டா! சார், கேஸ் முடிஞ்சிது!"

"முடியல. வண்டி மீட்டரத் தூக்கினு தாசில்தார்கிட்ட போக முடியாது. மேப்புல கல்லு இங்கதான் கீது. அது எப்டி இங்க வந்துச்சுன்னு சொல்லணும்."

"நடந்து வந்துச்சோ இன்னாவோ. இந்த ரோட்ல பஸ்ஸுக்குக் காத்துகினு இருக்கிறதுக்கு நடக்கிறதே மேலுன்னு கல்லுக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஜாக்குலின் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று நாளாக மதியச் சாப்பாடு அங்கேதான். மறுத்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"தட்டெல்லாம் மூட்டை கட்டியாச்சு சார். மூடியிலதான் சோறு. கோச்சிக்காதீங்க."

எவர்சில்வர் மூடிகளில் சோறும் சங்கரா மீன் குழம்பும் வந்தன. சுவரோரம் ஐந்து சாக்குகள். அவற்றுக்குப் பக்கத்தில் கட்டப்படாத புத்தக அடுக்கு ஒன்று.

"அது ஷாரோனோடது. பிளஸ் டூ படிக்கிறா," என்றாள் ஜாக்குலின். "புக்க மட்டும் கட்டாதம்மான்னுட்டா. கட்டிட்டா போறது நெசமாயிடுமாம்."

அருணகிரி மூடியின் விளிம்பில் குழம்பு ஓடிவராமல் சோற்றைக் கரைகட்டி, தலை நிமிராமல் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை ஜாக்குலின் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதிலிருந்தே அவருக்கு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதை இன்னதென்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அளவை வேலையில் இருந்தபோது அந்தச் சாலையில் எங்கெங்கே நின்றோம் என்று நினைத்துப் பார்த்தார். நாவலூர் ஞாபகத்துக்கு வந்தது. படூர் வந்தது. அதற்குத் தெற்கே ஒரே வெயில்தான் தெரிந்தது.

*

பழைய கல் இருக்குமிடத்தை ஜாக்குலினே சொன்னாள். அவள் தம்பி ஜோயல், வளைவு நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். சாலை வேலை முடிந்து புதுக் கற்கள் வந்தபோது பழசையெல்லாம் குப்பையாகக் குவித்திருந்தார்களாம். அதில் ஒன்றை உருட்டிவந்து கடையில் போட்டிருந்தான்.

அவர்கள் போனபோது ஜோயல் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரி ஜோயலு," என்றாள் ஜெனிட்டா. "மெயின் சாட்சி மேல உக்காந்துகினு கீற."

"இன்னாக்கா, இதா? இது நான் ரிம்மு தட்ற கல்லு."

மூன்று பேருமாக டயர் கழற்றும் கம்பியைக் கொடுத்து நெம்பிப் புரட்டினார்கள். கிரீஸும் தூசியும் படிந்த முகத்தை ஜோயல் பழந்துணியால் துடைத்தான். செதுக்கிய எழுத்து தெரிந்தது. 31.

அருணகிரி குந்தி உட்கார்ந்தார். கல்லின் மேல்பாகத்தில் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. வருடா வருடம் அடித்தது. நகத்தால் கீறினால் வெள்ளை, அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை. கீழ்ப்பாகம், மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கு. அங்கே சுண்ணாம்பே இருக்கக்கூடாது.

இருந்தது. ஒரே ஒரு பூச்சு. அடிவரைக்கும், நான்கு பக்கமும்.

அவர் அந்தப் பூச்சின் மேல் இரண்டு விரலை வைத்தபடியே இருந்தார். சாலையில் கேப்கள் போனபடி இருந்தன.

"இன்னா சார், கல்லுக்கு நாடி பாக்குறீங்களா?" என்றான் ஜோயல்.

"ஜெனிட்டா, நட்டு வெச்ச கல்லுக்கு எதுவரைக்கும் வெள்ளையடிக்க முடியும்?"

"தரை வரைக்கும்." அவளும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "அட, இது பாதம் வரைக்கும் பவுடர் போட்டுகினு கீது. அப்ப, மண்ணுலேருந்து புடுங்கினப்புறம் எவனோ வெள்ளையடிச்சிருக்கான். புடுங்கிப் போட்ட கல்லுக்கு எந்தப் பைத்தியக்காரன் வெள்ளையடிப்பான்?"

"இதுல இன்னாக்கா கீது?" என்றான் ஜோயல். "ஆயுத பூஜைக்கு அடிச்சிருப்பாங்க. ரோடு கேங்கு ஆளுங்களுக்கு கல்லுதானே சாமி மாதிரி. வெள்ளையடிச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குவாங்க. நாங்க சர்ச்சுக்குப் போற வூடுதான், ஆனா பொரி குடுத்தா வாங்கிக்குவோம்."

ஜெனிட்டா ஏற்கெனவே கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "சார், அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கெழம. அக்டோபர் இருபது. ஞாயித்துக்கெழம லீவு. மேப்பு தேதி இருபத்திரண்டு, திங்கக்கெழம." அவள் குரலில் விளையாட்டு போயிருந்தது. "கல்லப் புடுங்கினது வில்லன் இல்ல. பூஜை போட்டவங்க."

"அந்த கேங்குல யாராச்சும் இப்ப கீறாங்களா?" என்று அருணகிரி ஜோயலைக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிடமாட்டானா என்று அவருக்கு இருந்தது.

"அப்பாசாமி கீறாரு. மாமல்லபுரத்துக்கு முன்னாடி, பைபாஸாண்ட எளநீ விக்கிறாரு."

*

தெற்கே போகப் போகச் சாலை தன் வயதைக் காட்டும். நாவலூர், சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஆறு வரிசையாகப் போவது, கேளம்பாக்கம் தாண்டியதும் மெலியும். கிழக்கே உப்பளங்கள் வரும். பழைய சாலையை யாரும் திட்டம் போட்டு வளைக்கவில்லை. குளம் இருந்தால் சுற்றிப் போனார்கள், புளியமரம் இருந்தால் ஒதுங்கிப் போனார்கள், வீடு இருந்தால் விட்டுக்கொடுத்துப் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் யாரோ முதலில் இருந்தார்கள். பிறகு நேராக்க வந்தவர்களுக்கு அவர்கள் யாரென்று தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அளக்க டேப்பைப் பிடித்தவனுக்கும் இருக்கவில்லை.

"சார், பேசுங்களேன்," என்றாள் ஜெனிட்டா. "நீங்க பேசாம வந்தா பின்னாடி ஆளு விழுந்துட்டாரோன்னு பேஜாரா கீது."

"ஓட்டு."

அப்பாசாமி, குலை குலையாகக் காய்களை அடுக்கிய தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது இருக்கும். மேற்கே உள்ளடங்கிய கிராமம் ஒன்றில் கால் காணி நிலம் உண்டு. கேங்கு வேலை போன பிறகு இளநீர்.

"தண்ணிக் காயா, வழுக்கையா?"

"ரெண்டும் வேணாம் நைனா. கொஞ்சம் ஞாபகம் வேணும்," என்றாள் ஜெனிட்டா.

"அது நேத்தே தீந்துபோச்சேம்மா."

ஆனால் முப்பத்தோராம் கல் என்றதும் கத்தியைக் காயின் மேல் ஊன்றிவிட்டு நின்றார்.

"வளைவ நேராக்கினு இருந்தாங்க. ஜேசிபிக்காரன் கல்லப் புடுங்கி ஓரமா சாச்சிட்டான். மறுநாளு பூஜை. ரோலரு கீது, மம்புட்டி கீது, தார் சட்டி கீது. கல்லு இல்லாம இன்னா பூஜை? நாலு பேரு தூக்கிகினு போயி வேப்பமரத்து நெழல்ல நிறுத்தினோம். சாயாம இருக்க அடியில ஜல்லி குடுத்து, வெள்ளையடிச்சி, பொட்டு வெச்சி, மாலை போட்டோம். ஜோரா இருந்துச்சு. திங்கக்கெழம எடுத்துப் பழைய எடத்துல நட்டுடலாம்னு மேஸ்திரி சொன்னாரு."

"நட்டீங்களா?"

"எங்க நடறது? காலைலயே அளக்குற கம்பெனி ஜீப்பு வந்துடிச்சி. பெரிய ஆளு ஜீப்ப வுட்டு எறங்கல. ஒரு பையன் டேப்ப எடுத்துகினு வந்தான். நல்ல பையன். செருப்பக் கழட்டிட்டு, கல்லத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினான். அப்பறம் டேப்பு கொக்கிய அதுலயே மாட்டிட்டு அளந்துகினு போயிட்டான்."

"நீங்க சொல்லலியா, இது சும்மா நிக்கிற கல்லுன்னு?"

அப்பாசாமி ஜெனிட்டாவைப் பார்க்காமல் காய்களைப் பார்த்தார்.

"எழுந்தேம்மா. சொல்லணும்னுதான் எழுந்தேன். மேஸ்திரி கைய இழுத்து உக்கார வெச்சாரு. படிச்ச பையன், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னாரு. உக்காந்துட்டேன்." கத்தியை மறுபடி கையில் எடுத்தார். "போறப்ப ஒரு காகிதத்துல பொரி மடிச்சிக் குடுத்தோம். வாங்கிகினான்."

"அவன் மூஞ்சி ஞாபகம் கீதா?"

அவர் நினைத்துப் பார்த்தார். கண்கள் அருணகிரியின் மேல் வந்து நின்றன. சிரித்தார்.

"இல்லம்மா. ஒல்லியா இருந்தான், அவ்ளோதான். இவராட்டம் தொப்பை இல்ல."

அருணகிரியும் சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஒரு இளநீர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் வண்டிப் பக்கம் நடந்தார்.

*

ஜெனிட்டா வண்டியை எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றாள். மாமல்லபுரம் போகிற ஒரு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னொன்று போனது.

"மேப்புல கையெழுத்துப் போட்டவரு செத்துட்டாருன்னு புதன்கெழமையே பாத்தோம்," என்றாள். "டேப் புடிச்சவன் பேரு எங்கயுமே இல்ல. ஒரு டிக் மட்டும் கீது."

அவர் தலையாட்டினார்.

"சார்."

"ம்."

"பொரி சாப்ட்டீங்களா?"

அவர் கையிலிருந்த இளநீரைப் பார்த்தார்.

"சாப்ட்டேன்," என்றார் அருணகிரி.

காகித மடிப்பு, அதில் ஒட்டியிருந்த வெல்லப் பிசுக்கு, கடலைத் தோல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இவ்வளவு நாளும் அது செங்கல்பட்டில் நடந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வயது. பூஜை போட்ட கல், நட்ட கல்லாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"அது தெரியாம நடந்தது சார்," என்றாள் ஜெனிட்டா. முதல்முறையாக அவள் குரலில் மென்மை இருந்தது.

"அது வரைக்கும் தெரியாமதான்." அவர் இளநீரைக் கைமாற்றிக்கொண்டார். "அங்கேருந்து முப்பத்திரண்டாம் கல்லு வரைக்கும் அளந்தேன். ஆயிரம் மீட்டர் வரணும். எண்ணூத்திப் பத்து வந்துச்சு. ஓடிப்போய் ஜீப்புல இருந்தவர்கிட்ட சொன்னேன். வளைவ நேராக்கினா தூரம் குறையாதாடான்னாரு. நேராக்கினதுல நாப்பது மீட்டருக்கு மேல குறைய முடியாது. எனக்கு அது தெரியும். மனசுல போட்டுப் பாத்தேன். மத்தியானம் ரெண்டு மணி, பசி. சரி சார்னு எழுதிட்டேன்."

கேலிக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் ஜெனிட்டா நின்றதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அருணகிரி மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தார். 'பெயர் தெரியாத உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால்...' நன்றாகத்தான் இருந்தது. அப்பாசாமி அடையாளம் காட்ட மாட்டார். ஜெனிட்டா சொல்ல மாட்டாள். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் வரைபடத்தைத் திருத்த மாட்டார்கள். அளந்தவனே வந்து, நான் தப்பாக அளந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் தாசில்தார் இடிப்பை நிறுத்தி மறு அளவைக்கு உத்தரவு போடலாம். இல்லையென்றால் கோர்ட்டு. கோர்ட்டு முடிவதற்குள் எட்டு வீடும் இருந்த இடத்தில் ஒரு நுழைவாயில் நிற்கும்.

எழுதிக் கொடுத்தால், அளவை விஷயத்தில் அவர் சொல்லை இனி எந்த வக்கீலும் நம்ப மாட்டான். அதுவும் தெரிந்தது.

"வண்டிய எடு," என்றார். "தாலுகா ஆபீஸுக்குப் போற வழியில ஜாக்குலின் வூட்ல நிறுத்து."

*

ஜாக்குலின் ஒரு சாக்கை அவிழ்த்து உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா சார்? யாரு?"

"கண்டுபுடிச்சிட்டேம்மா. கல்ல நகத்துனவங்க மேல தப்பு இல்ல. பூஜைக்கு நகத்துனாங்க. அத நட்ட கல்லுன்னு நெனச்சி அளந்ததுதான் தப்பு." அவளை நிமிர்ந்து பார்த்தார். "அத அளந்தது நான்."

அவள் முதலில் ஜெனிட்டாவைப் பார்த்தாள். விளையாட்டுப் பேச்சு என்றால் அங்கிருந்துதான் வரும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. ஜெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது. யாரோ போய் அணைத்தார்கள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நீங்க பஸ் ஸ்டாப் பேரு சொன்ன அன்னைக்கே ஏதோ உறுத்துச்சு. தெரியும்னும் சொல்ல முடியல. தெரியாதுன்னும் சொல்ல முடியல."

"மூணு நாளா," என்றாள் ஜாக்குலின். குரல் உயரவில்லை. மரியாதை மட்டும் போயிருந்தது. "மூணு நாளா எவனோ ஒருத்தனத் தேடிகினு இருந்தியே. அவன் எதுர்லயே உக்காந்துகினு என் மூடியில சோறு துன்னுகினு இருந்திருக்கான். இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கோங்க சார்னு வேற கேட்டேன்."

"ஆமாம்மா."

"அம்மாவாம்."

அவர் தாசில்தாரிடம் எழுதிக் கொடுக்கப் போவதைச் சொன்னார். நாலேகால் ஆகிறது, ஆறு மணிக்குள் போய்விட்டால் திங்கட்கிழமை வண்டி வராது என்றார். ஜோயல் கடையிலிருக்கும் கல்லையும் அப்பாசாமியையும் சாட்சியாக வைக்கலாம் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் புத்தக அடுக்கு இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"போ. எழுதிக் குடுத்துட்டு வா. பேச்சு அப்பறம்."

அவர் படியிறங்கினார். ஜெனிட்டா வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"நில்லு," என்றாள் ஜாக்குலின். "அந்தத் திங்கக்கெழம இந்த ஒரு கல்லத்தான் அளந்தியா?"

பைபாஸிலிருந்து அதுவரை வந்த வழி முழுக்க அருணகிரி அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் வந்தார்.

"இல்ல. அந்த வாரம் பூரா அளந்தேன். பதினோரு கல்லு."

"எல்லாக் கல்லுக்கும் பூஜை போட்டிருப்பாங்க இல்ல?"

அவள் பதிலுக்கு நிற்காமல் உப்பு டப்பாவைத் தேட உள்ளே போனாள்.

*

நடந்தது இதுதான்.

அருணகிரி ஐந்தே முக்காலுக்குத் தாலுகா அலுவலகத்தில் நான்கு பக்க வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை இடிப்பு வண்டி வரவில்லை. மறு அளவை முடிய ஏழு மாதம் ஆனது. எட்டு வீடுகளும் பட்டாவில் சொன்ன இடத்திலேயே இருப்பதாக உத்தரவு வந்தது. பதினான்கு மாடிக் குடியிருப்பின் வாசல் வடக்குப் பக்கம் திறக்கப்பட்டது. ரவிச்சந்திரனை வேறு வேலைக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பாசாமி சாட்சி சொன்னார். டேப் பிடித்த பையன் யாரென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அருணகிரியின் தோளைத் தொட்டு, "நானும் உக்காந்துட்டேனே நைனா" என்று மட்டும் சொன்னார். இப்போதும் இளநீர் விற்கிறார். கல் தாலுகா அலுவலக வராந்தாவில் இருக்கிறது. ஜோயல் ரிம் தட்ட ஒரு இரும்புத் துண்டு வாங்கிக்கொண்டான். ஷாரோன் பிளஸ் டூ தேறி, செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறாள். ஜாக்குலின் சாக்குகளை அவிழ்த்துவிட்டாள். அருணகிரியிடம் அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

துப்பறியும் அலுவலகத்தை இப்போது ஜெனிட்டா நடத்துகிறாள். வழக்குகள் வருகின்றன. நிலத் தகராறு மட்டும் வருவதில்லை.

மீதிப் பத்துக் கற்களை அருணகிரி தனியாகவே, ஒவ்வொன்றாக மறுபடி அளந்தார். ஒன்பது சரியாக இருந்தன. முப்பத்து நான்காம் கல்லில் தொண்ணூறு மீட்டர் வித்தியாசம் வந்தது. அந்தக் கணக்கின்படி ஆக்கிரமிப்பு என்று ஒரே ஒரு வீடு இடிக்கப்பட்டிருந்தது, பதினோரு வருடங்களுக்கு முன். வீட்டுக்காரியின் பெயர் பூவாயி, கூட ஒரு மகள் இருந்தாள் என்பது வரை தெரிந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அருணகிரி தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை.